பெஸ்தெமூர்: அம்மாவைவிடச் சிறந்த அம்மாவா?

பெப்ரவரி 3, வாசகர் ஒருவர் கேட்டது

நோர்வே மொழியில் பாட்டியை 'பெஸ்தெமூர்' என்கிறார்கள். 'பெஸ்தெ' என்றால் மிகச் சிறந்த, 'மூர்' என்றால் அம்மா. அப்படியென்றால் பெற்ற அம்மாவுக்கு இரண்டாம் இடமா? வைக்கிங் காலத்தில் மூத்த பெண்களுக்கு இருந்த மரியாதையின் மிச்சம்தான் இந்தச் சொல் என்கிறார் என் நண்பர். உண்மையா?

பெப்ரவரி 3, இரவு

சொல்லைப் பிரித்தது சரி, நண்பர் சொன்னது பிழை. வைக்கிங்குகளுக்கு இந்தச் சொல்லே தெரியாது. அவர்கள் பாட்டியை 'அம்மா' என்றார்கள். ஓம், அம்மா என்றுதான். தாத்தா 'அஃபி'. நாளைக்குக் காலை வேலை, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

பெப்ரவரி 4

'அம்மா'வைச் சொல்லிவிட்டுப் போனது என் பிழைதான், கேள்வி முழுக்க அந்தப் பக்கமே திரும்பிவிட்டது. சரி, அதையே முதலில் முடிப்போம்.

வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ரீக்ஸ்தூலா என்று ஒரு பாட்டு இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் மட்டும் மிஞ்சியது, அதிலும் கடைசிப் பகுதி தொலைந்துபோனது. ரீக் என்ற பெயரில் ஒரு தெய்வம் மூன்று வீடுகளுக்குப் போகிறது. முதல் வீட்டில் ஆயி, எத்தா என்று ஒரு பூட்டன் பூட்டி. இரண்டாவதில் அஃபி, அம்மா. மூன்றாவதில் தகப்பன், தாய். முதல் வீட்டில் அடிமைகளின் மூதாதை பிறக்கிறான், இரண்டாவதில் உழவர்களின் மூதாதை, மூன்றாவதில் பிரபுக்களின் மூதாதை. சமூகத்தை உறவுப் பெயர்களாலேயே மூன்று தட்டாக அடுக்கிய பாட்டு. உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள்: வயதில் மிக மூத்தவர்கள் இருக்கும் வீட்டில்தான் அதில் அடிமை பிறக்கிறான். மூத்தோர் மரியாதைக்கு ஆதாரம் தேட நல்ல இடம் இல்லை.

ஐஸ்லாந்தில் இன்றும் பாட்டி 'அம்மா', தாத்தா 'அவி'. ஃபாரோ தீவுகளில் 'ஒம்மா', 'அப்பி'. ரெய்க்யவிக் கடையில் நம் பிள்ளை ஒன்று அம்மா என்று கத்தினால் நாலு கிழவிகள் திரும்பிப் பார்ப்பார்கள். இதை வைத்துத் தமிழர் கப்பலேறி ஐஸ்லாந்து போன கதையை யாரும் இங்கே தொடங்க வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன். குழந்தை வாயில் முதலில் வரும் ம, ப, த ஒலிகளைப் பெரியவர்கள் தங்களுக்குப் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மொழியியலாளர் ரோமன் யாகொப்சன் 1960இல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். ஜோர்ஜியா மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. ஒலி அதேதான், ஆள்தான் மாறிவிட்டது.

பெப்ரவரி 4, இன்னொன்று

இந்தச் சொல் எனக்கு முதலில் எப்படி விளங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நோர்வேயில் 'பெஸ்தெம்மெ' என்றால் தீர்மானிப்பது. வந்த புதிதில் கூட வேலை செய்த ஒருத்தி, பெஸ்தெமூர்தான் வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிப்பவள், அதனால்தான் அந்தப் பெயர் என்று சொன்னாள். மூன்று வருடம் நம்பினேன். எங்கள் வீட்டில் அம்மம்மா சொன்னால் கிணற்றுத் தண்ணீரும் மேலே வரும், ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது பாலர் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் சொல் விளையாட்டு.

பெப்ரவரி 6

இப்போது கேள்விக்கு. சொல் தெற்கிலிருந்து வந்தது. வட ஜேர்மனியில் மத்தியகாலத்தில் பேசிய தாழ் ஜேர்மன் மொழியில் 'பெஸ்தெவாதெர்', 'பெஸ்தெமோதெர்' என்று தாத்தா பாட்டியைச் சொன்னார்கள். (தாழ் என்பது நிலத்தின் தாழ்வு, கடற்கரைச் சமவெளி. மொழியின் தரம் இல்லை.) டேனிஷ் மொழி அதை 'பெத்ஸ்தெமோதெர்' என்று எடுத்துக்கொண்டது. 1814 வரை நோர்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. எழுத்து, பள்ளி, கோவில் எல்லாம் டேனிஷ். அந்த வழியில் வந்து உட்கார்ந்த சொல் இது.

நான் இருப்பது பேர்கனில். துறைமுகத்து மரவீடுகளில் ஹான்சா என்ற வட ஜேர்மன் நகரக் கூட்டணியின் வணிகர்கள் சுமார் 1360 முதல் 1754 வரை கிளை வைத்திருந்தார்கள். கருவாடும் தானியமும் கைமாறியதைப் போலவே சொற்களும் கைமாறின. கடை, கைவினை, நகர வாழ்க்கை பற்றிய நோர்வேச் சொற்களில் ஏராளமானவை தாழ் ஜேர்மன். ஆனால் பாட்டிக்குக்கூடவா வெளியிலிருந்து பெயர் வாங்குவார்கள் என்று தோன்றும். நாம் அங்கிள், ஆன்ட்டி வாங்கவில்லையா?

அப்புறம் 'பெஸ்தெ'. அது தரவரிசை இல்லை, விளிக்கும்போது வைக்கும் மரியாதைச் சொல். நாம் கடிதத்தில் 'அருமைத் தம்பிக்கு' என்று எழுதினால் மற்றத் தம்பிமார் அருமையில்லாதவர்கள் என்றா அர்த்தம்? பிரெஞ்சில் மாமியார் 'பெல்-மேர்', அதாவது அழகான அம்மா. ஒரு பிரெஞ்சு மருமகளைக் கேட்டுப் பாருங்கள், அந்த அழகைப் பற்றி.

ஒல்லாந்தரிடமும் இதே சொல் 'பெஸ்தெவார்' என்று இருந்தது. 17ஆம் நூற்றாண்டுக் கடற்படைத் தளபதி மிகீல் த ரொய்தரை மாலுமிகள் அப்படித்தான் அழைத்தார்கள், தாத்தா என்று. 1659இல் சுவீடனுக்கு எதிராக டென்மார்க்குக்கு உதவப் போய் நியூபோர்க் நகரை மீட்டவர் அவர். டேனிஷ்காரருக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்பே அது அங்கே போய்விட்டது. பீரங்கிக்கு நடுவில் நின்ற ஒரு மனிதரை ஆட்கள் தாத்தா என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் எழுதினேன்.

பெப்ரவரி 7

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர், பெயரடை இருந்தால் அதற்குப் பொருளும் இருக்கத்தானே வேண்டும் என்கிறார். இருக்கும், ஆனால் எழுத்துக்கு எழுத்து எடுக்கக் கூடாது. என் பெரியம்மா நாலடி பத்து அங்குலம். சின்னம்மா வாசல் நிலை இடிக்கும் உயரம்.

அதோடு, பாட்டிக்கு இப்படி நல்ல அடைமொழி ஒட்டுவது ஒரு சொல்லோடு நிற்கவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் தன் பாட்டியை 'கொம்மு' என்பார், தாத்தாவை 'கொஃபா'. உடைத்துப் பார்த்தால் நல்ல அம்மா, நல்ல அப்பா. ஸ்கொட்லாந்தில் தாத்தாவுக்கு 'குட்சயர்' என்ற பழைய சொல், அதிலும் முன்னால் நிற்பது நல்ல. பிரெஞ்சில் 'பொன்-மாமான்', அதுவும் நல்ல அம்மா. ஜேர்மனும் பிரெஞ்சும் 'பெரிய அம்மா' என்றும் சொல்கின்றன. நல்ல, பெரிய, சிறந்த: எல்லாம் ஒரே வேலைக்குத்தான். அம்மா என்ற சொல்லைக் கடன் வாங்கி, இது அந்த அம்மா இல்லை, மேலே இருப்பவர் என்று அடையாளம் போடுகிறார்கள்.

பெப்ரவரி 7, பின்னேரம்

ஒரு துணுக்கு. நோர்வேக்கு இரண்டு எழுத்து வழக்குகள். டேனிஷிலிருந்து வளர்ந்த பூக்மோல், கிராமத்துப் பேச்சுகளிலிருந்து இவார் ஓசென் கட்டிய நீநொர்ஸ்க். அவருடைய அகராதி முதலில் 1850இல், பெரிய பதிப்பு 1873இல். ஜேர்மன் வழியாக வந்த 'பெ', 'அன்' முன்னொட்டுச் சொற்களை அவர் ஒதுக்கினார், பள்ளியிலும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறார்கள். என் மகள் நீநொர்ஸ்க் கட்டுரையில் பெஸ்தெமூரைத் தானே வெட்டிவிட்டு வந்தாள், 'பெ'யில் தொடங்குகிறதாம். அது முன்னொட்டு இல்லை பிள்ளை, சொல்லின் உடம்பு என்று விளக்க அரை மணி நேரம். கடைசியில் அவள் கேட்டது: "அப்போ ஜேர்மனிலிருந்து வரவில்லையா?" வந்ததுதான். வேறு கதவால்.

பெப்ரவரி 9

எனக்கு உண்மையில் சொல்ல ஆசையாக இருந்தது இதுதான், ஐந்து நாளாகச் சுற்றிவிட்டேன்.

பெஸ்தெமூர் என்ற சொல்லில் ஒரு குறை இருக்கிறது: எந்தப் பக்கத்துப் பாட்டி என்று சொல்லாது. அதைச் சொல்ல நோர்வேயிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. மூர்மூர், ஃபார்மூர், மூர்ஃபார், ஃபார்ஃபார். 'ஃபார்' என்றால் அப்பா. இப்போது யாழ்ப்பாணத் தமிழில் வைத்துப் பாருங்கள்: அம்மம்மா, அப்பம்மா, அம்மப்பா, அப்பப்பா. ஒன்றுக்கு ஒன்று, வரிசைகூட மாறவில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் பாட்டி, ஆச்சி, அப்பத்தா என்பீர்கள், உங்களுக்கு இது உடனே பிடிபடாது. எங்களுக்கு அது மொழிபெயர்ப்பே தேவையில்லாத சொல்.

மகள் நாலு வயதில் பாலர் பள்ளியில் குடும்ப மரம் ஒன்று நிரப்ப வேண்டியிருந்தது. மேல் கிளையில் இரண்டு பெட்டி, இரண்டிலும் பெஸ்தெமூர் என்றே அச்சடித்திருந்தது. அவள் ஆசிரியையிடம் 'என் அம்மம்மா எது' என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியைக்கு அம்மம்மா என்பது ஆளின் பெயரா உறவா என்று தெரியவில்லை. கூட்டிப்போகப் போனபோது என்னிடம் கேட்டார். அம்மாவின் அம்மா என்றேன். "ஓ, மூர்மூர்!" என்று அவர் சொல்லி முடிக்க முதல், என்னோடு வந்திருந்த என் அம்மா, நோர்வேயில் 'தக்', அதாவது நன்றி, என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தவர், நெஞ்சைத் தொட்டுக்கொண்டு "மூர்மூர், மூர்மூர்" என்றார். அவருக்கு அது எப்படி விளங்கியது என்று பிறகு கேட்டேன். "மூர் எண்டா அம்மாவாம், பிள்ளை சொன்னவள். ரெண்டுதரம் சொன்னா அம்மம்மாதானே." நான் மூன்று வருடம் பெஸ்தெம்மெயோடு திரிந்ததை அவரிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 10

சுவீடன் பற்றிக் கேட்டதற்கு: அங்கே பெஸ்தெமூர் இல்லவே இல்லை, மூர்மூர், ஃபார்மூர்தான். பக்கம் தெரியாமல் பாட்டி என்று பொதுவாகச் சொல்ல அவர்கள் சிரமப்படுவார்கள். சித்தி, அத்தையையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள், 'மூஸ்தெர்' அம்மாவின் சகோதரி, 'ஃபாஸ்தெர்' அப்பாவின் சகோதரி. நோர்வேயில் இரண்டும் இருந்தன, இன்றும் சில இடங்களில் கேட்கலாம். ஆனால் நகரத்தில் பிரெஞ்சு, ஜேர்மன் வழி வந்த 'தந்தெ', 'ஊன்கெல்' எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன.

பெப்ரவரி 12

மாமியார் சொல் கேட்டிருக்கிறீர்கள், வராமல் போகுமா. ஸ்வீகெர்மூர். இதுவும் தாழ் ஜேர்மன் இறக்குமதி. வேடிக்கை என்னவென்றால் அங்கே 'ஸ்வீகெர்' என்றாலே மாமியார். சமஸ்கிருத 'ச்வச்ரூ', ஹிந்தி 'சாஸ்' எல்லாம் ஒரே வேர். அந்தப் பொருள் மறந்துபோய், 'ஸ்வீகெர்' என்பது கல்யாணத்தால் வரும் உறவு என்ற முன்னொட்டாகிவிட்டது. ஆகவே எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் ஸ்வீகெர்மூர் என்பது மாமியார் அம்மா, மாமனார் ஸ்வீகெர்ஃபார் என்பது மாமியார் அப்பா, மருமகன் மாமியார் மகன். குடும்பத்தில் யார் நடுவில் நிற்கிறார் என்று மொழிக்குத் தெரிந்திருக்கிறது. (முன்பு எழுத்துக்கு எழுத்துப் பார்க்கக் கூடாது என்று சொன்னது நான்தான். இது பகிடிக்கு.)

பெப்ரவரி 15

சோஸ்கென்பார்ன். சகோதரர் பிள்ளைகள் என்று பொருள், அதாவது ஒருவரின் அப்பாவோ அம்மாவோ மற்றவரின் பெற்றோருக்குச் சகோதரம். ஆணென்றால் 'ஃபெத்தெர்', பெண்ணென்றால் 'குஸீனெ' என்றும் சொல்வார்கள். இரண்டும் வெளிச்சரக்கு. ஃபெத்தெர் ஜேர்மனில் முதலில் அப்பாவின் சகோதரனைக் குறித்தது, சித்தப்பா மெல்ல மெல்லச் சித்தப்பா மகனாகிவிட்டார்.

இந்தச் சொல்லோடு நமக்குத்தான் தகராறு. தமிழில் சித்தப்பா மகள் தங்கச்சி, மாமா மகள் மச்சாள். ஒருத்தியைப் பற்றி அந்த நினைப்பே வரக் கூடாது, மற்றவளைக் கட்டினால் ஊரே வாழ்த்தும். நோர்வேக்கு இரண்டு பேரும் சோஸ்கென்பார்ன். பழைய நோர்ஸ் கொஞ்சம் பிரித்துப் பார்த்தது, இரண்டு சகோதரர்களின் பிள்ளைகளுக்கு 'ப்ரொத்ருங்கர்', இரண்டு சகோதரிகளின் பிள்ளைகளுக்கு 'ஸிஸ்த்ருங்கர்'. எனக்கு முதலில் உடம்பு சிலிர்த்தது, ஆகா முறைப்பெண் என்று. ஆறுதலாக யோசித்தால் இல்லை, அவர்கள் பெயரைத்தான் பிரித்தார்கள், கட்டுவது கட்டாதது என்று பிரிக்கவில்லை.

தேவாலயத்துக்கு எல்லா இரத்த உறவும் ஒன்றுதான். ஏழு படி வரை திருமணம் கூடாது என்றிருந்ததை 1215இல் ரோமில் கூடிய லாத்தரன் திருச்சபைப் பேரவை நாலு படியாகக் குறைத்தது. நோர்வேயில் தூர உறவுக்குப் பெயரே எண்ணிக்கையாக இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பொதுவான ஒரு தம்பதியிலிருந்து எண்ணினால் பிள்ளைகள் முதல் படி, பேரப்பிள்ளைகள் இரண்டாம் படி, அடுத்தது 'த்ரேமென்னிங்', மூன்றாம் படி ஆள், அடுத்தது 'ஃபீர்மென்னிங்', நாலாம் படி ஆள். இரண்டாம் படி ஆள் என்று சொல் இல்லை, அந்த நாற்காலியில் சோஸ்கென்பார்ன் இருக்கிறது. பேரவை வைத்த எல்லை சரியாக ஃபீர்மென்னிங்கில் வந்து நிற்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். சோஸ்கென்பார்ன் திருமணத்தைத் தடை செய்யும் சட்டத்தை நோர்வே நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது. அந்தச் செய்தி வந்த நாள் வேலையிடத்தில் ஒருத்தி, உங்கள் ஊரில் சகோதரர் பிள்ளைகளைக் கட்டுவீர்களாமே என்று கேட்டாள். அப்பாவின் தம்பி மகளைக் கட்டினால் எங்கள் ஊரில் வெட்டுவார்கள், அம்மாவின் தம்பி மகளைக் கட்டினால் பந்தல் போடுவார்கள் என்று சொன்னேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றாள். தேநீர் நேரம் பதினைந்து நிமிடம்தான்.

என் பக்கத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார், அம்மாவின் மச்சாளின் மகன், ஒஸ்லோவில். கணக்குப்படி எனக்கு அவர் ஃபீர்மென்னிங்.

பெப்ரவரி 16

பேரன் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. பேரப்பிள்ளைக்கு நோர்வேயில் 'பார்னெபார்ன்', பிள்ளையின் பிள்ளை, வேறு ஒளிவு மறைவு இல்லை. தமிழில் பெயரன், பெயரைத் தாங்குகிறவன். எங்கள் பக்கத்தில் தாத்தாவையும் பேரன், பேரனார் என்போம், பாட்டியைப் பேத்தியார் என்போம். இரண்டு முனைக்கும் ஒரே சொல்.

நோர்வேச் சொல்லில் அது இல்லை, வழக்கத்தில் அப்படியே இருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், பெண்களுக்கும் அதே முறை. 1923ஆம் ஆண்டுப் பெயர்ச் சட்டம் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் வரை கிராமங்களில் அப்பாவின் பெயரோடு 'சென்' சேர்த்து வைத்துக்கொண்டார்கள். ஓலெ ஹான்சென்னின் மகன் ஹான்ஸ் ஓல்சென், அவன் மகன் மறுபடி ஓலெ ஹான்சென். கந்தையா சின்னத்தம்பி, சின்னத்தம்பி கந்தையா, திரும்ப கந்தையா சின்னத்தம்பி. தேவாலயப் பதிவேட்டில் மூதாதை தேடுகிற நோர்வேக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். நம் உறுதிகளில் காணிக்குச் சொந்தக்காரன் எந்தச் சின்னத்தம்பி என்று சண்டை போட்டவர்களுக்கு விளங்கும்.

பெப்ரவரி 16

பூட்டி: ஒல்தெமூர். அதற்கு மேல் திப்-ஒல்தெமூர், 'திப்' என்றால் நுனி. அதற்கும் மேல் திப்-திப்-ஒல்தெமூர், தலைமுறைக்கு ஒரு திப். நமக்குப் பூட்டன் ஓட்டனோடு மூச்சு நின்றுவிடும், இவர்களுக்குத் திப் தீராது.

பெப்ரவரி 19

திருத்தம். கொம்மு கிழவருக்கு என் ஒஸ்லோ ஆளைப் பற்றிச் சொன்னேன், ஃபீர்மென்னிங் என்று. விரலை மடக்கி எண்ணிவிட்டுத் தலையை ஆட்டினார். அம்மாவும் அவர் மச்சாளும் சோஸ்கென்பார்ன், இரண்டாம் படி. அவர்கள் பிள்ளைகள் மூன்றாம் படி. ஆகவே த்ரேமென்னிங். நான் அம்மாவுக்கும் மச்சாளுக்கும் நடுவில் ஒரு படி கூட்டி எண்ணியிருக்கிறேன். 15ஆம் தேதி எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

பிறகு கிழவர் கேட்டார், தமிழில் அந்த ஆளுக்கு என்ன முறை என்று. அம்மாவின் மச்சாள் எனக்கு மாமி, ஆகவே மச்சான் என்றேன். "ஃபெத்தெரா?" என்றார். இல்லை. "ஸ்வோகெரா?" என்றார், அக்காவின் புருஷனையும் அப்படித்தானே சொல்வார்கள். அவரையும் மச்சான் என்பதுண்டு, அத்தான் என்பதும் உண்டு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் கட்டலாமா என்றார். கட்டலாம், ஆனால் அவருக்கு அறுபத்திரண்டு வயது, எனக்குப் புருஷன் இருக்கிறார் என்றேன்.